தடியன் என்கிற எழுத்து

மலாக்காவில் எங்கள் அச்சுக்கூடத்தில் அந்த எழுத்துக்குத் தடியன் என்று பெயர். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தபோது அதற்கு வேறு ஏதாவது கௌரவமான பெயர் இருந்திருக்கும். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைக் கரையான் தின்றுவிட்டதால் அது என்னவென்று எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. ஆங்கில எழுத்துதான். கறுத்துத் தடித்த உடம்பு; ஒவ்வொரு கோட்டின் முனையிலும் சின்னதாக ஒரு பாதம். அந்தப் பாதத்தால்தான் அது தாளில் மிதக்காமல் ஊன்றி நிற்கும். இப்போது கடைப் பலகைகளில் பாதமும் இல்லாமல் பருமனும் இல்லாமல் குச்சி குச்சியாகப் போடுகிறார்களே, அதை எழுத்து என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்துக் கோர்த்தவள் நான். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம்.

தடியனுக்கென்று சில வேலைகள் உண்டு. ஏல அறிவிப்பு, தைலப் புட்டிக்கு ஒட்டுகிற சீட்டு, நாடக நோட்டீஸ், கிளேபாங் பக்கம் தென்னந்தோப்பு விற்பனைக்கு என்கிற விளம்பரம், எல்லாவற்றுக்கும் அவன்தான். காஜா பேராங்கில் எங்களுக்கு எதிர்ச் சந்தில் இருந்த செட்டிக் குடும்பங்கள் கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்க வருவார்கள். பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருப்பவர்கள், வீட்டில் பேசுவது மலாய், நோட்டீஸும் மலாய், எழுத்து மட்டும் ஆங்கில எழுத்து. அம்மன் பெயரைத் தடியனில் போட்டால்தான் வாங்கிப்போவார்கள். ஆகாத வேலையும் அவனுக்கு உண்டு. ஒரு சுருட்டுக்கடைக்காரர் அடம் பிடித்து மகள் கல்யாணப் பத்திரிகையைத் தடியனில் அடிக்கச் சொன்னார். அடித்துக் கையில் கொடுத்தால், பெண்ணை ஜப்தி செய்ய வந்த கோர்ட் உத்தரவு மாதிரி இருந்தது. ஆனால் அழைத்தவர்களில் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லையாம்.

அச்சுக்கூடத்தின் முதலாளி ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம். எல்லாரும் அவரை நானா என்போம். என் வீட்டுக்காரர் அங்கே எழுத்துக் கோர்ப்பவர். நான் ஆலோர் காஜா பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலு வகுப்பு படித்துவிட்டு, அவரைக் கட்டிக்கொண்டு மலாக்காவுக்கு வந்தவள். எனக்கு யாரும் இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் நின்று பார்த்தே கற்றுக்கொண்டேன். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். அதனால் ஆங்கில எழுத்தை நான் முதலில் கற்றது இடமிருந்து வலமாக இல்லை. தாளில் நேராகப் பார்க்கும்போதுதான் எனக்குத் தடுமாறும். வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆறு மாதத்தில் அவரைவிட வேகமாகக் கோர்த்தேன், பிறகு சிரிக்கவில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் ஆங்கிலம் போயிற்று. தடியன் போகவில்லை. மலாயை எழுதவும் அதே எழுத்துதான் வேண்டும். நேற்றுவரை வெள்ளைக்காரன் உத்தரவைப் போட்டவன் இன்றைக்கு ஜப்பான்காரன் உத்தரவைப் போட்டான். ராஜா மாறியதே அவனுக்குத் தெரியாது. அதோடு தாளும் மையும் கெட்டுப்போனது அவனுக்குத்தான் வசதியாகப் போயிற்று. தாள் என்று எங்களுக்குக் கிடைத்தது பழுப்பாக, நடுவில் வைக்கோல் துண்டு தெரிகிற சமாசாரம். மை என்பது விளக்குக் கரியும் தேங்காயெண்ணெயும் குழைத்தது. அந்தத் தாளில் அந்த மையில் மெல்லிய எழுத்தை அடித்தால் பாதி விழும், பாதி விழாது. விழுந்த பாதியும் எண்ணெய் பரவி மங்கிப்போகும். தடியனுக்கு உடம்பில் கொஞ்சம் பிய்ந்தாலும் மிச்ச உடம்பு போதும். நானா அவனைத் தட்டிக்கொடுப்பார். "நல்ல காலத்துல சாப்புட்டவன், கெட்ட காலத்துல தாங்குறான்" என்பார்.

இரண்டாம் வருஷம் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதை போட வேண்டுமாம். முதலில் ஆசை காட்டிக் கூப்பிட்டார்கள், பிறகு லோரியைக் கொண்டுவந்து நிறுத்தி அள்ளினார்கள். அச்சுக்கூடத்துக்கு ஓர் ஆளுக்குத்தான் விலக்குச் சீட்டு கொடுத்தார்கள். அது முதலாளி என்று நானாவின் பெயருக்கே வந்துவிட்டது. நானாவுக்கு அதில் பெரிய வெட்கம். என் முகத்தைப் பார்க்காமல், "அவரு வீட்டுலயே இருக்கட்டும் தங்கச்சி, நீ வா. பொம்பளைய சயாமுக்குக் கொண்டு போறதில்ல" என்றார். அன்றிலிருந்து நான் கோர்த்தேன், நானா மெஷினை மிதித்தார். என் வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார்.

மரவள்ளிக்கிழங்கை எத்தனை விதமாகச் சமைக்கலாமோ அத்தனை விதமாகவும் சமைத்து எனக்குப் பரிமாறினார். ஊரில் எந்தப் பொம்பளைக்கும் கிடைக்காத அந்த அதிர்ஷ்டம் ஜப்பான்காரன் புண்ணியத்தில் எனக்குக் கிடைத்தது. லோரிச் சத்தம் கேட்டால் விறகு அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். ஆறடி ஆள், அடுக்கோ மார்பளவு. இது எத்தனை நாளைக்கு என்று தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்பதைவிட, அவர் அங்கே என்ன ஆவார் என்பதுதான் பயம். ஆறு மாதத்துக்கு முன்னால் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. மூன்று மாதம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள்.

ஒருநாள் பட்டப்பகலில் எங்கள் சந்துக்குள் வந்தார்கள். இரண்டு வீடு தள்ளி இருந்த தையல்காரரைக் கையில் கத்தரிக்கோலோடு இழுத்துப்போனார்கள். அவருக்கு அடுத்த வீட்டைத் தொடவில்லை. அந்த வீட்டுக்காரர் பத்து பெரெண்டாம் என்கிற ஊரின் விமானத் திடலில் ராணுவத்துக்கு வேலை செய்தார். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவர்கள் போனபிறகு நான் கிட்டப் போய்ப் படித்துப் பார்த்தேன். மலாயில் மூன்று வரி. இந்த வீட்டு ஆள் ராணுவ வேலையில் இருக்கிறான், உள்ளே போகாதே, அழைத்துப் போகாதே. கீழே சிவப்பில் ஒரு சாப்பு, ஜப்பான் எழுத்தில் ரப்பர் முத்திரை.

நான் முதலில் கவனித்தது சாப்பை இல்லை. அச்சு எவ்வளவு கேவலமாக இருந்தது என்பதைத்தான். மெல்லிய எழுத்து, பாதி விழவில்லை, நடு வரி வலது பக்கம் சரிந்து இறங்கியது. அவர்களே எங்கேயோ அடித்திருக்கிறார்கள். குரங்கு கையில் பூமாலை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே மனசுக்குள் அந்த மூன்று வரியையும் தடியனில் கோர்த்து முடித்திருந்தேன்.

மறுநாள் நானாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாட்டுனா தலைய வெட்டி பாலத்துல வைப்பான், தெரியும்லா?"

"தெரியும் நானா. விறகுக்குப் பின்னால எத்தன நாளைக்கு உக்காருவாரு?"

நானா சாத்திய கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "செய்யிறதுன்னா ஒழுங்கா செய்யி. அந்த மெல்லிசு எழுத்தையே போடு. அவன் எப்படிக் கோணலா அடிச்சிருக்கானோ அதே மாரி கோணலா வை. அப்பதான் சந்தேகம் வராது" என்றார்.

நியாயமான பேச்சு. நானும் மெல்லிய எழுத்துப் பெட்டியைத்தான் திறந்தேன். ஒரு வரி கோர்த்துச் சரிவாக நிறுத்திப் பார்த்தேன். என் கை ஒப்பவில்லை. சரிந்த வரியைக் கண்டால் விரல் தானாகவே நிமிர்த்துகிறது. இரண்டு தடவை நிமிர்த்தினேன், இரண்டு தடவை திரும்பச் சாய்த்தேன். மூன்றாம் தடவை எரிச்சல் வந்து எல்லாவற்றையும் பெட்டியில் கொட்டிவிட்டுத் தடியனைத் திறந்தேன். வெள்ளம் தலைக்கு மேல் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன.

நானா தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். அதைப் பாவாடை மடிப்பில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் காட்டினேன். பயப்படுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"ரெண்டாவது வரிக்கும் மூணாவதுக்கும் நடுவுல எடவெளிக்கு இன்னொரு தகடு வேணும். மூச்சு முட்டுது" என்றார்.

"சாப்பு இல்லாம இருக்கே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

"அது தெரியுது. நீ மொதல்ல தகட்டப் போடு."

உயிரே போகிற காரியத்தில் உட்கார்ந்துகொண்டு வரிக்கு நடுவே எவ்வளவு இடம் என்று சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி நாங்களாகத்தான் இருப்போம். அவர் சொன்னது சரிதான். மறுநாள் தகட்டைப் போட்டு இன்னொன்று எடுத்தேன். சாப்பு வெட்ட எனக்குத் தெரியாது, ஜப்பான் எழுத்து எனக்கு நண்டு ஓடிய மணல். தடியனில் இருப்பதைப் பார்த்தபிறகு சாப்பைத் தேடுகிறவன் தேடட்டும் என்று கஞ்சிப்பசை தடவிக் கதவில் ஒட்டினேன்.

நான் பிறந்த தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த என் அண்ணன் அந்த வாரம் வந்தார். மாதம் ஒருமுறை சைக்கிளில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கீரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு ஒரே அண்ணன். கதவைப் பார்த்து நின்றுவிட்டார். அவருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது.

"என்ன பாப்பா இது, கவர்மெண்டு தாளு?"

"கவர்மெண்டு இல்லண்ணே. நான் கோத்தது."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என் வாய் அப்படி. அவர் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கறுப்பு எழுத்தைத் தடவிப் பார்த்தார். "கல்லுல செதுக்குன மாரி இருக்கு பாப்பா" என்றார். என் வீட்டுக்காரர்கூட என்னை அப்படிப் பாராட்டியதில்லை. எனக்குக் குளிர்ந்துவிட்டது.

அடுத்த பத்து நாளில் இரண்டு தடவை லோரி வந்தது. இரண்டு தடவையும் எங்கள் கதவைத் தாண்டிப் போனது. ஆனால் விமானத் திடல்காரர் வீட்டுத் தாளை மழை கரைத்துவிட்டது. இரண்டாம் தடவை வந்தபோது அதை யாராலும் படிக்க முடியாமல், அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி லோரிக்குப் பின்னால் ஓடினாள். நல்ல சாப்பு வைத்த நிஜத் தாள் அது.

அதற்கு மூன்றாம் நாள், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அச்சுக்கூடத்துக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. ஒரு ஜப்பான் அதிகாரி இறங்கினான். கூடவே மொழிபெயர்க்கிற தமிழ்க் கிராணி, அவர்கள் ஆபீஸ் குமாஸ்தா. அதிகாரியின் கையில் என் கதவில் ஒட்டியிருந்த தாள். நனைத்து, கிழியாமல், பக்குவமாக உரித்து எடுத்திருந்தார்கள்; அது அச்சுக்கூடத்துக்காரி வீடு என்று சந்தில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இப்போது என் வீட்டுக் கதவு வெறுங்கதவு என்பது. உள்ளே அவர் கிழங்கு அவித்துக்கொண்டிருப்பார்.

அதிகாரி எங்கள் சுவரில் மாட்டியிருந்த பழைய நோட்டீஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். செட்டிமார் திருவிழா நோட்டீஸில் விரலை வைத்தான். கையிலிருந்த தாளை அதன் பக்கத்தில் பிடித்தான். ஒரே எழுத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எப்படி மறைப்பது?

கிராணி என்னிடம் தமிழில், சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி, "சாப்பு இல்லாம ஒட்டியிருக்கியேம்மா. இதுக்கு என்ன சொல்லப் போறே?" என்றார்.

நானா வாயைத் திறக்கப் போனார். பேசினால் அவர் உளறிவிடுவார் என்று தெரிந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அம்மா சொல்வாள். நான் பேசினேன். நான் சொன்னதில் பாதி உண்மை. சுவரில் ஒட்டுகிற எந்த நோட்டீஸையும் நாங்கள் அடித்தவுடன் கொடுத்துவிட மாட்டோம். ஒன்றைச் சுவரில் ஒட்டி, இருபது அடி பின்னால் போய் நின்று படித்துப் பார்ப்போம். படிக்க வந்தால்தான் மிச்சத்தை அடிப்போம். அது எல்லா நாளும் எங்கள் வழக்கம்.

"மாதிரிதான் ஒட்டினோம்னு சொல்லுங்க. இவங்க ஆபீஸ் தாளு மழையில கரையுது, யாராலயும் படிக்க முடியல. நல்லா அடிச்சுக் காட்டினா வேல குடுப்பாங்கன்னு ஒரு மாதிரி செஞ்சோம். என் வீட்டுக் கதவு ரோட்டப் பாத்து இருக்கு. தூரத்துலேர்ந்து தெரியுதான்னு பாக்க அங்க ஒட்டினோம். மாதிரிக்கு யாராவது சாப்பு வைப்பாங்களா?"

கிராணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நீளமாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் சொன்னதைவிட நன்றாகவே சொல்லியிருப்பார். அதிகாரி கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். அந்த வீட்டில் இருக்கிற ஆம்பளை யார்?

"இந்த எழுத்தக் கோத்தவரு" என்றேன். "இந்த மலாக்காவுல இப்படிக் கோக்க வேற ஆளு இல்ல. காய்ச்சல்ல படுத்திருக்காரு."

என் வேலையை இன்னொருவர் பெயரில் எழுதிக் கொடுத்தது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான். மனசு துளி வலித்தது, அந்த நேரத்திலும்.

அதிகாரி வாசலுக்குப் போய்க் காரோட்டியின் கையில் தாளைக் கொடுத்துத் தெருவின் அந்தப் பக்கம் நிற்கச் சொன்னான். இங்கிருந்து படித்துப் பார்த்தான். திரும்பி வந்து, பையிலிருந்து சாப்பை எடுத்து, ஊதிவிட்டு, தடியனுக்குக் கீழே சிவப்பாக அழுத்தினான். தாளை என்னிடம் கொடுத்தான். கோர்க்கிறவன் நாளைக் காலையில் இங்கே வந்து உட்கார வேண்டும், அவனுக்கு விலக்கு உண்டு என்று கிராணி சொன்னார். இதே மாதிரி கதவுத் தாள் இருநூறு அடிக்க வேண்டும். நானா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சாப்பு காயும்வரை நான் தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சந்து முழுக்க என் கதவைப் பார்க்க வந்தது. விறகு அடுக்கைப் பிரித்து அடுப்பில் வைத்தேன். என் வீட்டுக்காரர் ஆறு மாதம் கழித்து வாசலில் வந்து நின்று வெயிலைப் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஏன் நினைக்கக் கூடாது? ஜெயித்துத்தான் இருந்தேன்.

கதவுத் தாள் இருநூறும் முடிந்த அன்றைக்குக் கிராணி இன்னொரு வேலை கொண்டுவந்தார். சயாமுக்கு ஆள் கூப்பிடுகிற சுவரொட்டி. தோட்டங்களில் ஒட்டுவதற்கு. தமிழில் விஷயம்: நல்ல சம்பளம், அரிசி, துணி, மூன்று மாதத்தில் வீடு திரும்பலாம். மேலே தலைப்பில் பெரிதாக 3 என்று தடியனில் போட வேண்டும், பக்கத்தில் மாதம் என்று மலாயில். அதிகாரியே சொல்லி அனுப்பியிருந்தான், அந்தக் கறுப்பு எழுத்துதான் வேண்டும் என்று.

நானா கிராணி போனதும், "போனவன் ஒருத்தனும் வரலியே தங்கச்சி" என்றார்.

மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் என் வீட்டுக்காரர்தான் முதல் லோரியில் ஏறுவார். என் வீட்டுக்காரர் தமிழ் விஷயத்தைக் கோர்த்தார். தலைப்பை என்னிடம் தள்ளினார். "கொஞ்சம் கோணலா வை. மைய கம்மியா தடவச் சொல்றேன். படிக்க முடியாமப் போனா நாம என்ன செய்ய முடியும்?" என்றார்.

எழுதுகிறேன், மறைக்காமல் எழுதுகிறேன். நான் கோணலாக வைக்கவில்லை. கதவுத் தாள் இவ்வளவு நன்றாக அடித்தவர்கள் இதை மட்டும் ஏன் கெடுத்தார்கள் என்று அதிகாரி கேட்பான் என்று அவரிடம் சொன்னேன். அது உண்மை. ஆனால் அந்த 3 இருக்கிறதே, தடியனில் இருந்த பெரிய எண்களிலேயே அழகானது அதுதான். மேல் வளைவு சின்னது, கீழ் வளைவு பெரியது, இரண்டு முனையிலும் உருண்டையாகக் கறுப்புப் பொட்டு. அதை நடுவில் நிறுத்தி, இருபக்கமும் இடம் அளந்து விட்டு, வழக்கப்படி ஒன்றைப் பின்சுவரில் ஒட்டி, இருபது அடி பின்னால் போய்ப் பார்த்தேன். சத்தியம் செய்தது மாதிரி நின்றது. எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பயம் பாதி, பெருமை பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எது அதிகம் என்று கேட்டால் எனக்கே என்மேல் கோபம் வரும்.

ஒரு மாதம் போயிற்று. அண்ணன் வந்தார். இந்தத் தடவை சைக்கிளில் வரவில்லை, கிழங்கும் இல்லை. தோளில் ஒரு துணி மூட்டை. முகமெல்லாம் சிரிப்பு.

"மூணு மாசம் பாப்பா. தம்பின் ஸ்டேஷன்ல ரயில் ஏத்துறாங்க. வரும்போது துணி கொண்டாறேன். ஒனக்கும் சேத்து."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, அது பொய். போனவங்க யாரும் வரல. போவாதீங்க."

"பொய்யா? நீ கோத்ததுதானே?"

"நான் கோத்ததுதான். அதுக்காக நெசமாயிடுமா?"

"அதான் நானும் சொன்னேன். காலையில பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல தாளப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, ஒன் கதவுல இருக்குற அதே எழுத்து. லயத்து வீடுகள்ல எல்லாரும் பயந்தாங்க. நான்தான் சொன்னேன், எந்தங்கச்சி அடிச்சது, அவ பொய் அடிக்க மாட்டான்னு. எட்டுப் பேரு எங்கூட வராங்க."

என் வீட்டுக்காரர் உள்ளே வாங்க, இங்கேயே இருந்துவிடுங்கள், விறகு அடுக்கித் தருகிறேன் என்றெல்லாம் சொன்னார். ஆனால் அண்ணன் தோட்டத்திலேயே கைநாட்டு வைத்துவிட்டு வந்திருந்தார். அண்ணி கையில் முன்கூலியாக அரிசியும் கொடுத்துவிட்டார்கள். அவர் போகாவிட்டால் அண்ணியைக் கேட்பார்கள், அந்த எட்டுப் பேரின் வீட்டுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் அழுவதைப் பார்த்து, தங்கச்சி பாசத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தார். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுதான் மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு கிளம்பினார். என் பிறந்த வீட்டு ஆம்பளை போனார். புகுந்த வீட்டு ஆம்பளை என் பக்கத்தில் நின்றார்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தபிறகு சயாமிலிருந்து கொஞ்சம் பேர் வந்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர் அச்சுக்கூடத்தைத் தேடிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு. ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன், ஏசினால் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்து நின்றேன். அவர் ஏசவில்லை. அண்ணன் வாந்திபேதியில் போனார் என்றார். எந்த இடம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, காடு என்றார்.

பிறகு ஒன்று சொன்னார். அண்ணன் அந்தச் சுவரொட்டியில் ஒன்றை நாலாக மடித்து மடியிலேயே வைத்திருந்தாராம். மூணு மாசம் போய் ஆறு மாசம் ஆனபிறகும் வைத்திருந்தாராம். மூணுன்னு போட்டு ஏமாத்திட்டானே என்று யாராவது கத்தினால், தாளைப் பிரித்து, "ஏமாத்துனவன் சப்பான்காரன். எழுத்தப் பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு. எந்தங்கச்சி கோத்தது" என்று எல்லாருக்கும் காட்டுவாராம்.